பித்தளைக் குமிழ்

உலகத்தில் உயரங்களை எல்லாம் கடல் மட்டத்திலிருந்து அளக்கிறார்கள். லெவல் சார் வீட்டில் மட்டும் பின்னறை மூலையிலிருந்த ஒரு பித்தளைக் குமிழிலிருந்து அளந்தார்கள். இருபத்திரண்டு வருடங்களாக இந்த ஏற்பாட்டுக்குக் கடல் எந்த ஆட்சேபமும் தெரிவிக்கவில்லை.

கொட்டைப்பாக்கு அளவுதான் அந்தக் குமிழ். பின்னறையைக் கட்டி முடித்த அன்று, வெளிச்சுவரின் அடியில், அறையின் தரைக்குச் சரிசமமாக ஒரு கருங்கல்லைப் பதித்து, அதன் நடுவில் அதை இறக்கினார். மேலே சிவப்புப் பெயின்டில் ஓர் அம்புக்குறி. பக்கத்தில் 100.000 என்று ஓர் எண். அந்தக் கடைசி மூன்று பூஜ்ஜியங்களுக்காகத் தனியாக ஒரு மெல்லிய பிரஷ் வாங்கினார். அதே நாளில் ஹால் வாசற்படியையும் அளந்து, அதுவும் 100.000 என்று ஒரு தடித்த பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டார். வீட்டுக்குள் ஒருவர் தனக்குத்தானே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது அவசியமா என்று மனைவி கேட்டதற்கு, கையெழுத்தில்லாத எண் வெறும் வதந்தி என்று பதில் சொன்னார்.

நில அளவை அலுவலகத்தில் முப்பத்திநாலு வருடம் இருந்தவர். வெயிலில் நின்று அளந்தவர்கள் வேறு. அவர்கள் கொண்டுவந்த எண்களைக் கூட்டிக் கழித்துச் சரி என்று ஒப்பமிட்டவர் இவர். ஓய்வு பெற்றபோது, உபயோகமற்றது என்று ஒதுக்கி வைத்திருந்த ஒரு பழைய மட்டக் கருவியைப் பளபளப்பாகத் தேய்த்து நினைவுப் பரிசாகக் கொடுத்தார்கள். அது மூன்று கால்களோடு ஹாலின் நடுவில், வெல்வெட் துணி போர்த்தி நின்றது. தெருக்காரர்கள் அவரை லெவல் சார் என்றார்கள். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று அவர் அளந்து பார்க்கவில்லை; முழுவதையும் மரியாதைக் கணக்கிலேயே வரவு வைத்துக்கொண்டார். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். லெவல் சார் அந்த மூன்று காலையும் மூன்று தசம இடம் வரை அளந்து காட்டக்கூடியவர்.

ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னால் ஆள் வைத்துக் கொல்லை மண்ணைச் செதுக்கி வாட்டம் பிடிப்பார். வாட்டம் என்பது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. குமிழிலிருந்து தொடங்கி, வீட்டின் பக்கவாட்டில் வந்து, முன்வாசல் அருகே தெருச் சாக்கடையில் முடிய வேண்டும். சாக்கடை மூடி குமிழை விட ஒன்பது அங்குலம் தாழ்வு என்று பதிவேட்டில் இருந்தது. ஆகவே தண்ணீர் போயே தீர வேண்டும். ஆனால் தண்ணீர் பதிவேட்டைப் படித்ததில்லை. வருடா வருடம் அது சாக்கடைப் பக்கம் போவதுபோல் போக்குக் காட்டி, திரும்பி வந்து, பின்னறை மூலையில் கருங்கல்லைச் சுற்றிக் குந்திக்கொண்டது. ஊறி ஊறி மண் இளகியது. மண் இளக இளக மூலை இறங்கியது. மூலை இறங்க இறங்க, அதிலிருந்து அளந்து வெட்டப்பட்ட கொல்லையும் கூடவே இறங்கியது. இந்தச் சுற்றில் எங்கேயும் கணக்குப் பிழை கிடையாது.

பின்னறை இருந்த இடம் முன்பு ஒரு குப்பைக் குழி. அதைத் தூர்த்து மேலே அறை எழுப்பலாம் என்பது லெவல் சாரின் யோசனை. அதைக் குழி என்று சொல்லக் கூடாது, தாழ்வான பகுதி என்றுதான் சொல்ல வேண்டும். அதுபோலவே, பின்னறைச் சுவருக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு பிளவு ஓடியது. மனைவி அதை வெடிப்பு என்றாள். அவர் அதற்கு விரிவு இடைவெளி என்று பெயரிட்டு, கட்டடம் மூச்சு விட அது தேவை என்று விளக்கினார். கட்டடம் நன்றாகவே மூச்சு விட்டது. மனைவிக்குத்தான் முடியவில்லை.

அவள் அந்த அறையில்தான் படுத்தாள். மாடி ஏற முழங்கால் விடவில்லை. குளியலறையும் பின்னறையோடுதான் இருந்தது. மூன்று மழைக்காலமாக அவளுக்கு இளைப்பு. சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறி, பூசணம் பூத்து, பீரோவின் கீழ்த்தட்டில் வைத்த துணியெல்லாம் மக்கிப் போக, அந்தத் தட்டையே அவள் காலியாக விட்டுவிட்டாள். மார்பில் குழாய் வைத்துப் பார்த்த டாக்டர், மருந்தை விட முக்கியம் காய்ந்த அறை என்று சொல்லியிருந்தார். ஹாலில் கட்டில் போட்டுக்கொள்ளலாமா என்று ஒருமுறை கேட்டாள். பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார் லெவல் சார். மூன்று வருடத்தில் அந்த ஹாலுக்குப் பார்க்க வந்தவர்கள் கேஸ் சிலிண்டர்காரரும், வழி தவறி வந்த ஒரு காப்பீட்டு முகவரும்தான்.

ஒரே மகள் நகரத்தின் மறுமுனையில் நாலாவது மாடியில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வருவாள். அந்த ஞாயிறு வந்தவள், சுவரில் விரலை வைத்து எடுத்து, விரலைப் பார்த்தாள்.

"அம்மா, இந்த மழைக்கு ரூம்ல தண்ணி வந்தா நான் யாரையும் கேக்க மாட்டேன். வண்டி எடுத்துட்டு வந்து உன்னைக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

"வராதுடி. அப்பா ஆள் வைக்கிறார்ல."

"அப்பா வருஷா வருஷம் ஆள் வைக்கிறார். தண்ணியும் வருஷா வருஷம் வருது. ரெண்டு பேரும் சொல்லி வச்சுக்கிட்டு வர்ற மாதிரி இருக்கு."

அம்மா சிரித்தாள், சிரிப்பு இருமலில் முடிந்தது. மகள் வீடு அவளுக்குத் தெரியும். மாப்பிள்ளையின் உடற்பயிற்சி சைக்கிளுக்குப் பக்கத்தில் மடக்குக் கட்டில். எந்த டப்பாவில் எது என்று கேட்டுக் கேட்டுச் சமைக்க வேண்டிய அடுப்படி. இங்கே கண்ணை மூடிக்கொண்டு உப்பை எடுப்பாள். அதையெல்லாம் விட, அறுபத்தாறு வயதில் மகள் வீட்டுக்குக் 'கொஞ்ச நாள்' என்று போன எவளும் திரும்பி வந்து அவள் பார்த்ததில்லை. மழைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதற்குள் அறை காய வேண்டும், இல்லையென்றால் அவள் போக வேண்டும். வேறு வழி இல்லை என்பதைத் தாயும் மகளும் பேசாமலே முடிவு செய்துகொண்டார்கள்.

பழைய மேஸ்திரிகள் மூன்று பேரும் லெவல் சார் வீடு என்றதும் உடம்பு சரியில்லை என்றார்கள். வந்தவர் புதியவர். ஐம்பது வயது, சிரிக்காமல் பேசும் முகம். கூட ஒரு சித்தாள். மண் சுமந்து சுமந்து கழுத்து உறுதிப்பட்ட நடுவயதுப் பெண். மேஸ்திரி கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றினார், சுவரில் ஈரக்கறையைப் பார்த்தார், பிறகு ஒரு வாளித் தண்ணீர் கேட்டார். தோளிலிருந்து இறக்கிய நீளமான, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீரை நிரப்பி, உள்ளே நின்ற காற்றுக் குமிழிகளைச் சுண்டிச் சுண்டி வெளியேற்றினார்.

லெவல் சார் அதற்குள் வெல்வெட் துணியை நீக்கி வெளியே வந்திருந்தார். குழாயைப் பார்த்துவிட்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறீரா என்று கேட்டார்.

"இதுவும் மட்டம் பாக்கத்தான் சார்," என்றார் மேஸ்திரி. "படிப்பு ஏறாத சாமான். அதனால பொய் சொல்லத் தெரியாது."

முதலில் குழாயின் ஒரு முனையைச் சாக்கடை மூடியில் சித்தாள் பிடிக்க, மறுமுனையைக் குமிழின் அருகில் மேஸ்திரி பிடித்தார். இரண்டு முனையிலும் தண்ணீர் ஆடி ஆடி நின்றது. மேஸ்திரி விரலை மடக்கி அளந்து, ஒன்பது அங்குலம் தாழ்வாக இருக்க வேண்டிய மூடி, குமிழை விட இரண்டு விரற்கடை உயரத்தில் இருப்பதாகச் சொன்னார்.

லெவல் சார் அசரவில்லை. தெரு உயர்ந்திருக்கிறது என்றார். அதில் உண்மையும் இருந்தது. பழைய ரோட்டைச் சுரண்டாமலே நாலு தடவை மேலே தார் போட்டிருந்தார்கள். இது அவர் அறியாததல்ல. தெருவை உரிய மட்டத்துக்குத் தாழ்த்தித் தரும்படி ஏழு மாதம் முன்பே மனு அனுப்பியிருந்தார், வரைபடத்தோடு.

மேஸ்திரி தலையை ஆட்டிக்கொண்டு, சித்தாளை ஹால் வாசற்படியில் நிற்கச் சொன்னார். மறுபடி தண்ணீர் ஆடியது, நின்றது. மேஸ்திரி இரண்டு தரம் அளந்தார்.

"சார், ஹாலும் இந்தக் குமிழும் ஒரே மட்டம்னு சொன்னீங்க. இப்ப குமிழு ஆறு விரக்கடை கீழ இருக்கு. ரூம் இறங்கியிருக்கு சார்."

லெவல் சார் குமிழைப் பார்த்தார். சிவப்பு அம்புக்குறியைப் பார்த்தார். பிறகு தூரத்தில் சித்தாள் நின்ற வாசற்படியை, தவறு செய்த கீழ்நிலை ஊழியனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அப்போ ஹால் உசந்திருக்கு," என்றார்.

சித்தாள் குழாயைப் பிடித்தபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"ஹால் எப்படி சார் உசரும்? அது என்ன புளிச்ச மாவா, பொங்கி வர?"

"நூறுங்கறது மாறாதுய்யா. அதுலேருந்துதான் மத்ததெல்லாம். அது மாறும்னா அப்புறம் எதை வச்சு எதை அளக்கறது?"

கேள்வி நியாயமானதுதான். மேஸ்திரி குழாயிலிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு அதைச் சுருட்ட ஆரம்பித்தார். அன்று மாலையே லெவல் சார் தன் கருவியை வைத்துத் தானே அளந்தார். ஆறு விரற்கடை என்பது நாலரை அங்குலம். அடியில் சொன்னால் 0.375. மேஸ்திரியின் குழாயும் அவர் கருவியும் மயிரிழை பிசகாமல் ஒத்துப்போயின. பதிவேட்டில் ஹால் வாசற்படிக்கு எதிரே 100.375 என்று திருத்தி, உயர்வுக்கான காரணம் ஆராயப்பட வேண்டும் என்று குறிப்பு எழுதி, ஒப்பமிட்டார்.

மேஸ்திரியின் யோசனை வேறு. பின்னறைச் சுவரோரம் மண் போட்டு உயர்த்தி, வாட்டத்தைப் பின்பக்கம் திருப்பி, மதில் அடியில் இரண்டு செங்கல்லை உருவி ஓட்டை வைத்தால் போதும். மதிலுக்கு அப்பால் இருந்த பின் சந்து, குமிழ் இருந்த மூலையை விட ஒரு சாண் தாழ்வு. லெவல் சார் பதிவேட்டைப் புரட்டி, பின் சந்து அதில் இல்லை என்று தெரிவித்தார். இல்லாத இடத்துக்குத் தண்ணீரை அனுப்ப அவருக்கு அதிகாரம் இல்லை. வேலை பதிவேட்டின்படி நடக்க வேண்டும்: மூலையிலிருந்து முன்வாசல் வரை ஒன்பது அங்குலம் இறங்க வெட்ட வேண்டும். சாக்கடை இப்போது மேலே இருக்கிறதே என்றால், தெருவைத் தாழ்த்தும் அன்று நம் கொல்லை தயாராக இருக்க வேண்டாமா?

அடுப்படி வாசலில் டீ கொடுத்தபோது அவர் மனைவி மேஸ்திரியிடம் தாழ்ந்த குரலில் உண்மையைச் சொல்லச் சொன்னாள்.

"அவர் சொல்றபடி வெட்டினா கொல்லைத் தண்ணி சாக்கடைக்குப் போகாதும்மா," என்றார் மேஸ்திரி. "சாக்கடை கொல்லைக்கு வரும்."

அவள் டம்ளரை வாங்கிக் கவிழ்த்தாள். மேஸ்திரியின் யோசனைப்படி செய்ய எத்தனை நாள் ஆகும் என்று கேட்டாள். ஒரு நாள் போதும் என்றார். வியாழக்கிழமை வாருங்கள் என்றாள்.

வியாழக்கிழமை ஓய்வு பெற்றோர் சங்கத்தில் லெவல் சாருக்குப் பேச்சு. தலைப்பு 'மட்டம் தவறாத முப்பத்திநாலு ஆண்டுகள்'. காலையிலேயே இஸ்திரிச் சட்டையில் கிளம்பிவிட்டார். அவர் தெரு முனை திரும்பியதும் மேஸ்திரியும் சித்தாளும் பின் சந்து வழியாக, வீட்டுக்குச் சொந்தக்காரி கொல்லைக் கதவைத் திறந்து விட, திருடர்களைப் போல் உள்ளே வந்தார்கள்.

மதியத்துக்குள் சுவரோரம் மண் ஏறியது. மேஸ்திரி கட்டையால் இடித்து இடித்து அதைக் கெட்டிப்படுத்தினார். சித்தாள் பத்தடிக்கு ஒரு சாண் என்று கயிறு கட்டி மண்ணை இழுத்து விட்டாள். உளியின் நாலு அடியில் மதிலில் இரண்டு செங்கல் உருவப்பட்டன. பித்தளைக் குமிழுக்கு ஒரு சேதமும் இல்லை. சித்தாள் போகிற போக்கில் முந்தானையால் அதைத் துடைத்துக்கூட விட்டாள், பாவம், எவ்வளவு வருடமாக உட்கார்ந்திருக்கிறது என்று.

மூன்று மணிக்கு, யாரும் எதிர்பாராமல், அரை மணி நேரம் மழை பெய்தது.

பின்னறை ஜன்னலில் அவள் நின்றாள். தண்ணீர் முதலில் தயங்கியது. இருபத்திரண்டு வருடப் பழக்கம். பிறகு சுவரை விட்டு விலகி, மெல்லிய தகடாகப் பரவி, மதிலைப் பார்த்து நடந்தது. காய்ந்த இலைகள் போயின. ஒரு பாட்டில் மூடி சுழன்று சுழன்று போய், ஓட்டையில் ஒரு நிமிடம் சிக்கி, வெளியே விழுந்தது. மழை நின்ற பத்தாவது நிமிடம் கருங்கல்லைச் சுற்றி மண் மட்டுமே இருந்தது.

"போயிடுச்சுக்கா," என்றாள் சித்தாள் ஜன்னலுக்கு வெளியே இருந்து.

"போயிடுச்சு," என்றாள் அவளும். அவர்கள் கிளம்பியதும், பீரோவின் கீழ்த்தட்டைக் காய்ந்த துணியால் இரண்டு தரம் துடைத்தாள். கட்டில் மேல் மூட்டையாகக் கிடந்த புடவைகளைப் பிரித்து மடித்து அதில் அடுக்கினாள். அடுக்கி முடித்து, கதவைச் சாத்தாமல், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

லெவல் சார் ஆறு மணிக்கு ஒரு கண்ணாடிக் கேடயத்தோடு வந்தார். கூட்டத்துக்குப் பதினோரு பேர் வந்திருந்தார்கள். அதில் நாலு பேர் டீக்கு. மைக் பாதியில் நின்றுவிட்டதால் முப்பத்திநாலு ஆண்டுகளில் பத்தொன்பதைத்தான் முன்வரிசையைத் தாண்டிக் கேட்க முடிந்தது. கேடயத்தை ஹாலில் வைக்குமுன் கொல்லைப் பக்கம் போனவர், மழை பெய்த நாளில் காய்ந்திருந்த மூலையைப் பார்த்து, ஏதோ திருட்டுப் போய்விட்டதைப்போல நின்றார்.

மனைவி பின்னால் வந்து நின்றாள். தானே செய்யச் சொன்னதாகச் சொன்னாள். அவர் கத்தவில்லை. கருவியைக் கொண்டுவந்து நிறுத்தி, இருட்டும் வரை அளந்தார்.

"தண்ணி போச்சுங்க," என்றாள். "பத்து நிமிஷத்துல போச்சு. நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"போயிருக்கும். எங்க போச்சு? பதிவேட்டுல இல்லாத இடத்துக்கு. இதுக்குப் பேரு வடிகால் இல்ல, கசிவு."

"எதுவா இருந்தா என்னங்க. எனக்கு மூச்சு விட முடிஞ்சா போதும்."

"உனக்காகத்தானே சொல்றேன், முறையா இருக்கணும்னு."

அவர் அதை மனதாரத்தான் சொன்னார். அதுதான் கஷ்டம். அவள் உள்ளே போன பிறகு அவர் குனிந்து குமிழின் மேல் கட்டைவிரலை வைத்தார். குமிழ் இறங்கியிருக்கிறது என்றால் குழி குழிதான், பிளவு வெடிப்புதான், அந்த அறையில் அவள் இருமிய இருமலுக்கெல்லாம் காரணம் வெளியிலிருந்து வரவில்லை. விரலை எடுத்தபோது அதில் கொஞ்சம் சிவப்புப் பெயின்ட் ஒட்டியிருந்தது. மறுநாள் காலை முதல் வேலையாக அம்புக்குறிக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்.

அதற்கு அடுத்த வேலையாக மண்வெட்டியை எடுத்தார். எழுபத்தொரு வயது, மண்வெட்டியைப் பற்றி நிறையக் கோப்புகளில் ஒப்பமிட்டவர், பிடித்தது அதுவே முதல் தரம். சுவரோரம் ஏற்றிய மண்ணைத் தானே வெட்டி எடுக்க ஆரம்பித்தார். மனைவி வேண்டாம் என்றாள். வெட்டினார். ஒன்பதரை மணிக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அவளைப் பார்க்காமல், இன்னும் எட்டு அடிதான் பாக்கி என்றார்.

அவள் அவரைத் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டு வந்தாள். பிறகு மேஸ்திரிக்கு ஆள் அனுப்பினாள்.

மேஸ்திரி கேட்டுவிட்டு நம்பாமல் நின்றார். "அம்மா, இது உங்க ரூமுக்கு நாமளே வெட்டற வாய்க்கால்."

"தெரியும். அவர் விட மாட்டார். விழுந்துட்டார்னா அப்புறம் நான் காய்ஞ்ச ரூம்ல இருந்து என்ன பண்ண? சொன்னபடியே செஞ்சிடுங்க."

சனிக்கிழமை மாலைக்குள் மதில் ஓட்டை சிமென்ட் வைத்து அடைக்கப்பட்டது. மூலையிலிருந்து முன்வாசல் வரை கொல்லை அழகாக, ஒரே சீராக, ஒன்பது அங்குலம் இறங்கியது. முடிகிற இடத்தில் சாக்கடை மூடி தரைக்கு மேலே முழங்கால் பாதி உயரத்தில் நின்றது. லெவல் சார் இடுப்பில் வலிப்பட்டை கட்டிக்கொண்டு வந்து கருவியில் கண் வைத்துப் பார்த்து, அற்புதம் என்றார். சித்தாள் மண்கூடையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டே, ஏட்டில் போட்ட பாலத்தில் எருமை நடக்கிறதா பார்க்கலாம் என்றாள், பொதுவாகக் கொல்லையைப் பார்த்து.

மழை அந்தச் சனிக்கிழமையிலிருந்து பதினோராம் நாள், செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு வந்தது. ஒரு மணிக்குள் தெருச் சாக்கடை நிறைந்தது. நிறைந்தது எங்கே போவது என்று பார்த்தது. பக்கத்திலேயே, அளவெடுத்து வெட்டி, இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். மூடியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தது. கறுப்பாக, நுரையோடு, செருப்பும் பாலிதீன் பையுமாக, முன்வாசல் பக்கம் குளம் கட்டி, பிறகு ஒவ்வொரு விரற்கடையாகப் பின்னோக்கி ஏறியது. இரண்டு மணிக்குக் கருங்கல்லைத் தொட்டது. இரண்டே காலுக்குக் குமிழ் முங்கியது. இரண்டரைக்குப் பின்னறையின் வாசல் வழியாக உள்ளே வந்து, கட்டில் கால்களைச் சுற்றிப் பார்த்து, பீரோவின் அடியில் புகுந்தது.

அவள் கட்டிலில் சுவரில் சாய்ந்து, காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, இன்ஹேலரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சும் சீழ்க்கையோடு வந்தது. லெவல் சார் தொலைபேசியில் மாநகர அலுவலகத்தைக் கூப்பிட்டு, தன் மனுவின் எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார். மகளைக் கூப்பிட்டது அவள்தான்.

மகள் மூன்றரைக்கு வந்தாள், முழங்கால் வரை சேற்றோடு. அப்பாவைத் தாண்டிப் பின்னறைக்குப் போனாள். பீரோவைத் திறந்தாள். கீழ்த்தட்டுப் புடவைகள் கறுப்புத் தண்ணீரைக் குடித்து உப்பியிருந்தன. அவற்றை அப்படியே விட்டுவிட்டு, மேல்தட்டிலிருந்து நாலு புடவையும் மருந்துகளும் மட்டும் ஒரு பையில் எடுத்து வைத்தாள். அம்மாவைக் கைத்தாங்கலாக ஹாலுக்குக் கொண்டு வந்தாள்.

ஹால் காய்ந்திருந்தது. வாசற்படிக்கு மூன்று விரற்கடை கீழே தண்ணீர், கண்ணாடிபோல் அசையாமல், வீட்டின் இந்த முனையிலிருந்து பின்னறை மூலை வரை ஒரே பரப்பாக நின்றது. அங்கே குமிழ் மூன்று விரற்கடை ஆழத்தில் இருந்தது. யாருக்கும் குழாய் தேவைப்படவில்லை.

மனைவி வாசற்படியில் நின்றாள். மகள் பையோடு முன்னால் இறங்கி வண்டிக்காரருக்குக் கையசைத்தாள்.

"ஹால் நனையலைங்க. பார்த்தீங்களா?"

"பார்த்தேன்," என்றார் லெவல் சார்.

"தண்ணி ஒரே மட்டமாத்தானே நிக்கும்?"

"ஆமா."

"அப்போ எதுங்க இறங்கியிருக்கு?"

அவர் வாயைத் திறந்தார். அவள் காத்திருந்தாள், மூச்சு அனுமதித்த வரை. கதவைப் பிடித்திருந்த கை நழுவி, மறுபடி பிடித்துக்கொண்டது. மகள் திரும்பி, அம்மா வா என்றாள். அவள் அப்போதும் நின்றாள். ஒரே ஒரு சொல்தான். அதைச் சொல்லியிருந்தால் ஹாலில் கட்டில் போட்டுக்கொண்டாவது அவள் இருந்திருப்பாள்.

"தண்ணி வடியட்டும்," என்றார் லெவல் சார். "இன்னொரு தடவை பார்த்துட்டுத்தான் சொல்லணும்."

அவள் படி இறங்கினாள்.

வண்டி போன பிறகு அவர் பதிவேட்டை எடுத்தார். குமிழ் 100.000. அதன் மேல் மூன்று விரற்கடை தண்ணீர். ஆக நீர்ப்பரப்பு 100.188. ஹால் வாசற்படி, திருத்திய கணக்குப்படி, 100.375, அதற்கு மூன்று விரற்கடை கீழே தண்ணீர், ஆக நீர்ப்பரப்பு 100.188. இரண்டு பக்கமும் சரியாக வந்தது. முப்பத்திநாலு வருடத்தில் இவ்வளவு சுத்தமாக ஒத்துப்போன கணக்கை அவர் பார்த்ததில்லை. கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தவர், வெகுநேரம் போடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு போட்டார்.

தண்ணீர் வடிய ஆறு நாள் ஆயிற்று. மகள் வீட்டில் கொஞ்ச நாள் என்று ஆரம்பித்தது இரண்டு மாதமாயிற்று; மடக்குக் கட்டிலை இப்போது பகலிலும் மடக்குவதில்லை என்று கேள்வி. மனுவுக்குப் பதில் வந்தது. கோரிக்கை பரிசீலிக்கப்பட்டதாகவும், தெருவில் தண்ணீர் தேங்குவதைத் தவிர்க்க விரைவில் இன்னொரு அடுக்குத் தார் போட்டு உயர்த்தப்படும் என்றும் அதில் இருந்தது. லெவல் சார் அதைக் கோப்பில் சேர்த்தார். இப்போதெல்லாம் பின்னறையில் அவர்தான் படுக்கிறார். குமிழைக் கவனித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று தெருக்காரர்களிடம் சொல்லியிருக்கிறார். இருமல் இருக்கிறது. அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

ஒருநாள் காலை தொலைபேசி வந்தது. அறை காய்ந்ததா என்று கேட்டாள். காய்ந்துகொண்டிருக்கிறது என்றார். இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. எது யாருடையது என்று சொல்ல முடியாதபடி ஒன்றுபோல் இருந்தது.

"உப்பு எங்க வச்சிருக்க?" என்றார்.

"அடுப்புக்கு வலது பக்கம், ரெண்டாவது தட்டு. மூடி போட்டு வையுங்க, இல்லன்னா நீர்த்துப் போயிடும்."

போய்ப் பார்த்தார். அவள் சொன்ன இடத்தில்தான் இருந்தது. மூடி இல்லை. பாதி உப்பு தண்ணீராகியிருந்தது.